புரோகிராமிங் தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியுமா?

கேள்வி: சில வருடங்களாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அதை விட்டுவிட்டு உயர்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியராக ஆசை. பயிற்சியில் சேரப் போகிறேன். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு பயிற்சியில் புதிதாக என்னதான் இருக்கும்? – ஒரு வாசகர்

பதில்: தண்ணீர் பட்ட பாடாக இருப்பதுதான் சார் உங்களுக்கு முதல் சிக்கல். உங்களுக்கு எது எப்போது புரிந்தது என்பதே மறந்து போயிருக்கும்.

ஒரு சின்ன சோதனை. போர்டில் மூன்று வரி எழுதுங்கள்: முதலில் x = 5, அடுத்து y = x, அப்புறம் x = 10. இப்போது y எவ்வளவு? சரியான விடை 5; ஆனால் வகுப்பில் சிலராவது 10 என்பார்கள். அது முட்டாள்தனம் இல்லை, கணக்குப் பாடத்தில் சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் எப்போதும் சமம் என்று படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, இங்கே அது 'வலப்பக்க மதிப்பை எடுத்து இடப்பக்கத்தில் வை' என்ற கட்டளை என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தப்பான விடைக்குப் பின்னால் இருக்கும் இந்த நியாயத்தைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சியில் நீங்கள் கற்கப் போகிற பெரிய விஷயம். பாடத்திட்டம், குறிப்பேடு, மதிப்பெண் எல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

'பிரிம்' என்றொரு முறை உண்டு: ஊகி, ஓட்டிப் பார், ஆராய், மாற்று, உருவாக்கு. அதாவது காலித் திரையைக் காட்டி எழுதச் சொல்லாமல், எழுதி முடித்த புரோகிராமைக் கொடுத்து 'இது என்ன காட்டும்?' என்று முதலில் கேட்பது. ஊகம் தப்பாகும்போது வருகிற அந்த 'அட!' இருக்கிறதே, அரை மணி நேர விளக்கத்துக்குச் சமம்.

லேபில் கரண்ட் இல்லாத நாளும் வரும். அன்றைக்கு பைனரியை, அதாவது 0, 1 மட்டும் வைத்து எண்களை எழுதும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஐந்து அட்டைகள் போதும். 16, 8, 4, 2, 1 என்று புள்ளி வைத்து ஐந்து பிள்ளைகளிடம் அந்த வரிசையில் கொடுத்து நிற்க வைத்து, 19 காட்டுங்கள் என்று சொல்லுங்கள். 16, 2, 1 வைத்திருப்பவர்கள் அட்டையைத் திருப்பிக் காட்டுவார்கள், மற்ற இருவர் மறைப்பார்கள். காட்டினால் 1, மறைத்தால் 0 என்று வாசித்தால், 19-இன் பைனரி வடிவமான 10011 அங்கேயே நிற்கும்.

இன்னொன்று, மாணவரின் கீபோர்டைத் தொடாதீர்கள். பிழையைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும் (அனுபவசாலிகளுக்கு இன்னும் மோசம்). கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 'எந்த வரி வரைக்கும் சரியாக ஓடுகிறது?' என்று மட்டும் கேளுங்கள்.

சேருவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். புரோகிராமிங் தெரியாத யாருக்காவது லூப் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட வைக்கும் கட்டளை) என்றால் என்ன என்று பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்து, அதை போனில் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்கும்போது 'இது ரொம்ப சிம்பிள்' என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள் என எண்ணுங்கள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு, புரியாத பிள்ளை சந்தேகம் கேட்காது.