'கொடு'வைக் 'காடு' என்று வாசிக்கும் பிள்ளை: தாராவியிலிருந்து சில பதில்கள்

மும்பை தாராவியில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், மகன் தமிழ் மீடியத்தில் நாலாவது. பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறான், வேறு எதைக் கொடுத்தாலும் முழிக்கிறான்.

அவன் வாசிக்கவில்லை அம்மா, ஒப்பிக்கிறான். அதே பாடத்தைக் கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்புறம் படி இறங்குங்கள்: ஒரு சின்னக் கதை, வராவிட்டால் நாலு வரி, அதுவும் வராவிட்டால் சொல், பிறகு எழுத்து. எந்தப் படியில் தடுமாறுகிறானோ அங்கேதான் பாடம் தொடங்க வேண்டும். 1990களில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பிள்ளைகளைச் சோதிப்பதும் இந்தப் படிகளில்தான். அதில் மேல்படியே இரண்டாம் வகுப்புக் கதைதான். 'நாலாவது படிக்கிறானே' என்ற வெட்கம் நம்முடையது, அவன் தலையில் ஏற்றாதீர்கள்.

மகளுக்கு 247 எழுத்தும் மனப்பாடம். 'கொடு' என்பதை ஒரு நாள் 'கெடு' என்கிறாள், ஒரு நாள் 'காடு' என்கிறாள். கவனமே இல்லை.

கவனம் இருக்கிறது, பாதிக் கவனம். 'கெடு' என்றால் முன்னால் உள்ள கொம்பைப் (ெ) பார்த்துவிட்டுப் பின்னால் உள்ள காலை (ா) விட்டுவிட்டாள். 'காடு' என்றால் காலைப் பார்த்துக் கொம்பை விட்டாள். தப்பே எங்கே தப்பு என்று சொல்கிறது பாருங்கள்!

கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். 'கொ'வில் இரண்டு பக்கமும் காவல். இதற்குமேல் பள்ளியில் மராத்தி. அங்கே 'கி' எழுதினால் இகரக் குறி முன்னால் நிற்கும், தமிழில் பின்னால். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கும் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

க, கா, கி என்று பாட்டாகச் சொல்வது இதற்கு உதவாது. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி 'க', 'டு', ஒரு கொம்பு, ஒரு கால் செய்யுங்கள். கடு, காடு, கெடு, கொடு என்று அவள் கையாலேயே மாற்றி வைக்கட்டும். தினம் பத்து நிமிடம் போதும். கைக்குப் பழகியபின் இரட்டைக் கொம்பைக் (ே) கொடுங்கள், கேடும் கோடும் வந்துவிடும்.

எங்கள் மாலை வகுப்பில் இருபது பேர், நான் ஒருத்திதான். தனித்தனியாக எப்படி அக்கா?

முதல் வருடம் நானும் எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தேன். இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது வகுப்பைப் பார்க்காமல் படியைப் பார்த்துக் குழு பிரிக்கிறேன். ஒருத்தரை ஐந்து நிமிடம் அருகில் கூப்பிட்டு வாசிக்கக் கேட்பேன். மற்றவர்கள் ஜோடியாக வாசிப்பார்கள். சத்தம் வரும், வரட்டும். ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு வரி: 'கால் விடுகிறான்', 'ழ-ள குழப்பம்'. அந்த வரிதான் மறுநாள் பாடம்.

வாசிக்கத் திணறுவது டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடா என்று எப்படித் தெரியும்?

என்னால் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டாராலும் முடியாது. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகையே தெரியாமல் வருடக்கணக்கில் அடி வாங்கிய பையனைப் பார்த்திருக்கிறேன். அதில் கோளாறு இல்லை, சில மாதம் தனியாகச் சொல்லிக்கொடுத்தும் நகரவில்லை என்றால், சயான் ஆஸ்பத்திரி போன்ற பெரிய மாநகராட்சி மருத்துவமனையில் காட்டுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான். சொல்லிக்கொடுக்க அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று குறித்த நோட்டையும் எடுத்துப்போங்கள்.

மொபைல் ஆப் போதாதா?

வைத்துக்கொள்ளலாம். காலை விட்டாளா கொம்பை விட்டாளா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

(குரல் பதிவில் வந்தது) எனக்கே வாசிக்கத் தெரியாது அக்கா. மகளுக்கு நான் என்ன செய்ய?

அவள் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கதை புரியாவிட்டால் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். புரியாமல் வாசித்தால் அவளுக்குப் பதில் வராது. சனிக்கிழமை அவளைக் கொண்டுவிடும்போது நீங்களும் இருங்கள். அட்டை இன்னொரு செட் இருக்கிறது.