நுரையீரலில் இருப்பதும் மார்பகப் புற்றா?

கேள்வி: அம்மாவுக்கு 4 ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நுரையீரலில் கட்டி தெரிகிறது. அதுவும் மார்பகப் புற்றாகத்தான் இருக்கும், சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். நுரையீரலில் வந்தது எப்படி மார்பகப் புற்று ஆகும்? ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பெரியம்மா தடுக்கிறார்.
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் 30 ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து இப்படிப்பட்ட சதைத் துணுக்குகளைப் பார்த்தவள் நான். மார்பகத்திலிருந்து வந்த செல் என்றால், 'காட்டா3' என்ற புரதத்தைத் தேடிச் சாயமேற்றும் பரிசோதனையில் பெரும்பாலும் அதன் உட்கரு பழுப்பேறும். நுரையீரலிலேயே பிறந்த புற்றில் பல நேரம் 'டிடிஎஃப்1' பழுப்பேறும். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று ஆணையிடும் புரதங்கள் இவை. செல்லின் பிறந்த வீடு இவற்றில் தெரிந்துவிடும்.

சுங்குடிக்கு முடிச்சுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். துணியை விரல் நுனியில் கிள்ளி, நூலால் இறுக்கி, சாயத்தில் முக்குவார்கள். காய்ந்ததும் இருபுறமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளிகள் தெரியும். துணி ஒன்றுதான், எங்கே முடிந்தார்கள் என்பதில்தான் சேலைக்குச் சேலை வேறுபாடு. நம் செல்களும் அப்படித்தான். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே 20,000 சொச்சம் மரபணுக்கள். இறுகச் சுற்றிக் கிடக்கும் பகுதியைச் செல்லால் படிக்க முடியாது.

மார்பகப் பால்குழாயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது 'ஈ-கேதரின்' என்ற புரதம். புற்றுச் செல்லில் 'ஸ்நெயில்' என்ற புரதம் தலைதூக்கினால் ஈ-கேதரின் மரபணுவை முடிச்சுப் போட்டதுபோல் அடக்கிவிடும். ஸ்பெயின் ஆய்வாளர்கள் இதை 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். 'ட்விஸ்ட்' என்ற இன்னொரு புரதமும் பரவலுக்குத் துணைபோவது 2004இல் தெரிந்தது. ஒட்டு விட்ட செல் நீண்டு மெலிந்து நகரத் தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளாக என் மனத்தை அறுப்பது ஒன்று உண்டு. கருவில் நாம் உருவாகும்போது செல்கள் இடம்பெயர உதவியவையும் இதே புரதங்கள்தான். நம்மை வளர்த்த ஆணையையே புற்று மறுபடி கையில் எடுக்கிறது.

நுரையீரலில் இறங்கிய பிறகு பல செல்கள் அந்த முடிச்சை அவிழ்த்து, பழையபடி ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. பாதி மாறிய நிலையிலேயே கூட்டமாகப் போகிறவையும் உண்டு. இவ்வளவு மாறினாலும் மார்பகச் செல் என்ற அடையாளம் பெரும்பாலும் அழிவதில்லை. அதனால்தான் டாக்டர் அப்படிச் சொன்னார். மருந்தும் மார்பகப் புற்றுக்கு உரியதாகவே இருக்கும்.

ஆனால் எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் புற்றுச் செல்லின் புரதங்களான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் ஹெர்2வும் சிலருக்கு இடையில் மாறிவிடுகின்றன. மாறினால் மருந்தும் மாற வேண்டும். பழைய அறிக்கையை மட்டும் நம்பி மருந்து எழுதக் கூடாது. புதிய சதை கேட்பது இதற்காகத்தான்.

பெரியம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: ஊசி போன தடத்தில் புற்று பரவுவது மிக மிக அரிது. முதல் அறுவை சிகிச்சையில் எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். அந்த ஆய்வகத்தில் அது இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கையோடு வாங்கிப் போங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.