150 வயது வரை வாழ மாத்திரையா?

கேள்வி: எனக்கு 61 வயது, பி.பி. உண்டு. முதுமையை நிறுத்தும் மருந்து பத்து வருடத்தில் வந்துவிடும், அதுவரை உடம்பைப் பார்த்துக்கொண்டால் 150 வயது வரை இருக்கலாம் என்று சொல்லி என் மகன் ரெஸ்வெரட்ரால் (திராட்சைத் தோலில் இருக்கும் ஒரு பொருள்) மாத்திரை வாங்கி அனுப்பியிருக்கிறான். நம்பலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: நம்ப வேண்டாம் ஐயா. ஆயிரம் வயது வாழப்போகும் முதல் மனிதருக்கு இப்போதே 60 வயது ஆகியிருக்கலாம் என்று 2004-லேயே ஆப்ரி டி கிரே என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சொன்னார். அந்த வயதுக்காரர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள், அவர்களுக்குக் கொடுக்க அப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை.

சுதந்திரம் வந்த காலத்தில் நம் சராசரி ஆயுள் சுமார் 32, இப்போது 70, இப்படியே ஏறாதா என்று உங்கள் மகன் கேட்கலாம். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு அம்மையிலும் பேதியிலும் காய்ச்சலிலும் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளைக் காப்பாற்றியதால் வந்தது. ஒரு குழந்தையைக் காப்பாற்றினால் அறுபது எழுபது வருடம் கணக்கில் சேரும், எண்பது வயதுக்காரரைக் காப்பாற்றினால் சில வருடம்தான். முப்பதைத் தாண்டிய பிறகு ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒருமுறை சாகும் வாய்ப்பு இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது, அதனால்தான் புற்றுநோயை அடியோடு ஒழித்தாலும் சராசரி ஆயுள் மூன்று வருடம் போலத்தான் கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்; அதில் தப்பியவரை இதயமோ மூளையோ சிறுநீரகமோ அடுத்து வீழ்த்திவிடும். பிரான்ஸின் ழான் கால்மான் 122 வயதில் 1997-இல் இறந்தார். அந்த வயதை அதற்குப் பின் யாரும் எட்டவில்லை, இத்தனை மருத்துவம் வளர்ந்தும்.

சரி, உங்கள் மாத்திரைக்கு வருவோம். கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்கு ரெஸ்வெரட்ரால் கொடுத்தபோது அவை கூடுதல் நாள் வாழ்ந்தன, உலகமே பரபரப்பானது. சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கோ ஆயுள் கூடவில்லை. அந்த வழியில் மருந்து தேடிய சர்ட்ரிஸ் என்ற கம்பெனியை 2008-இல் கிளாக்ஸோ 72 கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2013-இல் இழுத்து மூடியது. மனிதர்களின் ஆயுளை ரெஸ்வெரட்ரால் கூட்டியதாக இன்றுவரை நிரூபணம் இல்லை.

பி.பி. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள், அது பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுக்கிறது என்பது பல ஆயிரம் பேரிடம் சோதித்துப் பார்த்த விஷயம். அப்புறம், ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரையோ சாப்பிடுகிறவர் என்றால், மகன் அனுப்பிய டப்பாவைத் திறக்கும் முன் உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.