சினிமாவுக்கு முந்தைய அனிமேஷன் கருவிகள் எப்படி வேலை செய்தன? இன்றைய கலைஞர்கள் ஏன் இன்னும் அவற்றைத் தேடிப் போகிறார்கள்?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "கம்ப்யூட்டரில் எல்லாம் செய்ய முடிகிற காலத்தில் இது வெறும் பழமை மோகம்தானா?" அனிமேஷன்தான் என் பிழைப்பு, அதுவும் முழுக்கக் கம்ப்யூட்டரில். ஓய்வு கிடைக்கும்போது அட்டையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு இந்தப் பழைய கருவிகளைச் செய்து பார்ப்பது என் பழக்கம். செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பழமை மோகம் கொஞ்சம் உண்டுதான், ஆனால் காரணம் அது மட்டுமில்லை.

இவற்றைப் "படத்தை ஓடவைத்த கருவிகள்" என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஓடவைப்பதில் ஒரு வித்தையும் இல்லை. வட்ட அட்டையில் பன்னிரண்டு குதிரைகளை வரைந்து சுழற்றினால் ஓடத்தான் செய்யும், கண்ணுக்குத் தெரிவது ஒரு சாம்பல் நிற வளையம். ஓடிக்கொண்டிருக்கும் படத்தை ஒரு கணம் நிறுத்திக் காட்டுவதுதான் கஷ்டமான வேலை. அப்படி நின்ற படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் போதும், நடுவிலுள்ள அசைவை மூளை தானே போட்டுக்கொள்ளும். இந்த வரலாறு முழுவதையும் "படத்தை எப்படி நிறுத்துவது?" என்ற ஒரே கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு பதில்களாகத்தான் நான் பார்க்கிறேன்.

முதல் பதில், பிளவு. அட்டையில் வெட்டிய ஒல்லியான கோடு. பெல்ஜியத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜோசஃப் பிளாட்டோவும் வியன்னாவில் பேராசிரியராக இருந்த சைமன் ஸ்டாம்ப்ஃபரும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், 1832-ன் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். பிளாட்டோவின் கருவிக்கு ஃபெனகிஸ்டிஸ்கோப் என்ற பெயர் நிலைத்தது. வட்டத் தட்டின் ஓரத்தில் பிளவுகள், உள்ளே படங்கள். கண்ணாடிக்கு எதிரே நின்று, படமுள்ள பக்கத்தைக் கண்ணாடிக்குக் காட்டி, தட்டைச் சுழற்றிக்கொண்டே பின்பக்கத்திலிருந்து பிளவுகள் வழியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிளவும் கண்ணைக் கடக்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் படம் நகரும் தூரமும் குறைவு, அதனால் நின்றது போலத் தெரிகிறது. அடுத்த பிளவு வரும்வரை இருட்டு. பிளாட்டோவின் முதல் தட்டில் ஒரு நடனக்காரர் 16 படங்களில் சுற்றிச் சுழல்வார்.

பிளாட்டோ பின்னாளில் பார்வையை முழுவதுமாக இழந்தார். பார்வை பற்றிய சோதனைக்காக 1829-ல் வெறும் கண்ணால் சூரியனை உற்றுப் பார்த்ததுதான் காரணம் என்று பல புத்தகங்களில் இருக்கும். பிற்காலத்தில் மருத்துவக் கண்ணோட்டத்தில் ஆராய்ந்தவர்கள் அது கண்ணில் ஏற்பட்ட அழற்சி நோயாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பு, அதற்கப்புறம் அவர் செய்த வேலைதான். சோப்புப் படலங்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வுகளில் பெரும்பகுதி பார்வை போன பிறகு செய்தது. உடனிருந்தவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் மனதில் வைத்துக் கணக்குப் போட்டார்.

அப்புறம் ஜோயிட்ரோப். இங்கிலாந்தின் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1834-லேயே யோசனையை எழுதிவிட்டார், ஆனால் விளையாட்டுப் பொருளாகப் பரவியது 1860-களில்தான். தட்டுக்குப் பதில் உருளை, உள்சுவரில் படச்சுருள், அதற்கு மேலே பிளவுகள். கண்ணாடி தேவையில்லை, நாலு பேர் சுற்றி நின்று பார்க்கலாம், சுருளை மாற்றிக்கொள்ளலாம். செய்து பார்க்கப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் எட்டிப் பார்க்கும் பிளவு ஒரு பக்கமாகப் போகும்போது எதிர்ச்சுவரில் உள்ள படம் மறுபக்கமாகப் போகும். இதனால் படம் அகலத்தில் சுருங்கித் தெரியும். வட்டமான பந்து வேண்டுமென்றால் பக்கவாட்டில் இழுத்த முட்டை வடிவத்தில் வரைய வேண்டும். இன்னொன்று எண்ணிக்கை. பிளவுகளும் படங்களும் சம எண்ணிக்கையில் இருந்தால் உருவம் இருந்த இடத்திலேயே ஆடும். படம் ஒன்று கூடினால் முழு ஊர்வலமும் மெல்ல ஒரு பக்கமாக நகரும், ஒன்று குறைந்தால் எதிர்ப்பக்கமாக. ஒரே ஒரு படத்தைக் கூட்டிக் குறைப்பதில் இவ்வளவு வித்தியாசம் வருவதைக் கையால் செய்து பார்க்கும்போதுதான் உறைக்கும்.

இந்தச் சுருக்கப் பிரச்சினை எட்வர்ட் மைபிரிட்ஜையும் விடவில்லை. 1878-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தவர் அவர். அடுத்த ஆண்டு அந்தப் படங்களைத் திரையில் காட்ட ஒரு கருவி செய்தார், சூப்ராக்ஸிஸ்கோப். அதன் கண்ணாடித் தட்டுகளில் இருந்தவை புகைப்படங்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை புகைப்படத்தைப் பார்த்துக் கையால் தீட்டிய ஓவியங்கள்தான். எதிர்த்திசையில் சுழலும் பிளவுத் தட்டு குதிரையைக் குறுக்கிவிடும் என்பதால், தட்டில் குதிரைகளை நீட்டி வரைந்திருப்பார்கள். நிறுத்திப் பார்த்தால் சற்றே விசித்திரமான மிருகங்கள்!

பிளவின் குறை வெளிச்சம். பெரும்பாலான நேரம் இருட்டைத்தான் பார்க்கிறோம், அதனால் படம் மங்கும். இதற்கு வழி கண்டவர் பிரான்ஸின் எமில் ரெனோ. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த மனிதர், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1877-ல் அவர் செய்த பிராக்ஸினோஸ்கோப்பில் பிளவே கிடையாது. உருளையின் நடுவில் பன்னிரண்டு கண்ணாடிப் பட்டைகள், சுற்றுச்சுவருக்கும் மையத்துக்கும் சரிபாதி தூரத்தில் நிற்கும். படம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே தூரம் பின்னால் பிரதிபலிப்பு விழும் என்பதால், பிம்பம் உருளையின் நடு மையத்தில் வந்து நிற்கிறது. உருளை சுற்றினாலும் மையம் நகராது, பிம்பமும் நகராது. ஒரு கண்ணாடி விலகும்போது அடுத்த கண்ணாடி அதே இடத்தில் அடுத்த படத்தை வைத்துவிடும். இருட்டு இடைவெளியே இல்லாமல் பளிச்சென்று தெரியும். இவ்வளவு நேர்த்தியான வழியை வேறு எந்தப் பழைய கருவியிலும் நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு படங்களோடு அவர் திருப்தியடையவில்லை. படங்களை நீளமான பட்டையாக்கி, இடையிடையே துளையிட்டு, சக்கரத்தில் மாட்டித் திரையில் காட்டும் கருவியை 1888-ல் காப்புரிமை செய்தார். பெயர் தியாட்ர் ஆப்டிக். 1892 அக்டோபர் 28 அன்று பாரிஸின் கிரேவன் அருங்காட்சியகத்தில் முதல் பொதுக்காட்சி. சினிமாவின் முன்னோடிகளான லூமியே சகோதரர்கள் பாரிஸின் கிராண்ட் கஃபேயில் காசு வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பரில், அதாவது மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. ரெனோவின் நிகழ்ச்சிகளில் ஒன்று ஏறத்தாழ 500 படங்களால் ஆனது, ஒவ்வொன்றும் ஜெலட்டின் துண்டில் கையால் தீட்டியது. அதை அவர் நேராக ஓட்டித் தள்ளிவிடமாட்டார். கையால் சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றி, ஒரு அசைவைத் திரும்பத் திரும்பக் காட்டி, பார்ப்பவர்கள் சிரித்தால் அங்கேயே கொஞ்சம் நின்று, பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு இழுப்பார். உருவத்தைச் சுற்றிக் கறுப்புப் பூசியிருப்பார், பின்னணிக் காட்சி தனி விளக்கிலிருந்து விழும். பாத்திரம் ஒரு அடுக்கு, பின்னணி வேறு அடுக்கு. இன்றைக்கும் நாங்கள் மென்பொருளில் இப்படித்தான் பிரிக்கிறோம்.

1900 வரை 12,000-க்கும் மேற்பட்ட காட்சிகள், சுமார் 5 லட்சம் பார்வையாளர்கள். அதற்குள் சினிமா வந்துவிட்டது. ஒவ்வொரு படமாகக் கையால் தீட்டும் ஒருவர் கேமராவோடு போட்டி போட முடியுமா? பின்னாளில் மனமுடைந்து கருவிகளை உடைத்தார், படப்பட்டைகளில் பெரும்பாலானவற்றை சீன் நதியில் எறிந்தார். 1918-ல் காலமானார். இரண்டு பட்டைகள் மட்டும் இன்று பார்க்கக் கிடைக்கின்றன.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தாள்களைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டுப் பார்க்கும் ஃபிளிப் புக்குக்கு 1868-ல் ஜான் பார்ன்ஸ் லின்னெட் காப்புரிமை பெற்றார். அதில் கட்டைவிரல்தான் படத்தை நிறுத்துகிறது. அதையே சக்கரத்தில் கோத்து, காசு போட்டுக் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கும்படி செய்தது 1890-களின் மியூட்டோஸ்கோப். எடிசனின் கினெட்டோஸ்கோப்பில் ஃபிலிம் நிற்காமல் ஓடும், பிளவுள்ள ஒரு தட்டு அதன் மேல் சுழலும், அதாவது பிளாட்டோவின் பிளவே பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இருபக்கமும் படமுள்ள அட்டையை நூலால் முறுக்கிச் சுழற்றும் தாமட்ரோப்பை எல்லாப் பட்டியலும் முதலில் வைக்கும். ஒரு பக்கத்துப் பறவையும் மறுபக்கத்துக் கூண்டும் ஒன்றாகத் தெரியும், சரி, ஆனால் எதுவும் அசையாது. என் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இங்கே ஒரு சின்னச் சண்டை போட வேண்டியிருக்கிறது. "பிம்பம் விழித்திரையில் கொஞ்ச நேரம் தங்குவதால் அசைவு தெரிகிறது" என்று பள்ளிப் பாடம் முதல் யூடியூப் வரை சொல்கிறார்கள், பார்வை நிலைப்பு என்று பெயரும் வைத்து. யோசித்துப் பாருங்கள், ஒரு படம் தங்கி அதன் மேல் அடுத்த படம் விழுந்தால் இரண்டும் குழம்பி ஒன்றாகத்தானே தெரிய வேண்டும்? தாமட்ரோப்பில் நடப்பது அதுதான். அசைவு வேறு சங்கதி. 1912-ல் உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் வெளியிட்ட ஆய்வில் இரண்டு கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டினார். நேர இடைவெளி மிகக் குறைவென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன, அதிகமென்றால் ஒன்றுக்குப் பின் ஒன்று. நடுவில், ஏறத்தாழ 60 மில்லிசெகண்டு அளவில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே தாவியது. யாரும் வரையாத அந்தத் தாவல் மூளையின் கைவரிசை.

இனி கலைஞர்கள். நிறுத்தும் விதம் மாறினால் பார்க்கும் அனுபவமும் மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டவர்கள்தான் இந்தக் கருவிகளைத் தேடி வருகிறார்கள்.

நியூயார்க் சுரங்க ரயிலில் கைவிடப்பட்ட மிர்ட்டில் அவென்யூ நிலையத்தில் பில் பிராண்ட் 1980-ல் 228 ஓவியப் பலகைகளை நீளப் பெட்டிக்குள் வரிசையாக வைத்து, முன்னால் பிளவுகளை வெட்டினார். படமும் நிற்கிறது, பிளவும் நிற்கிறது, ஓடுவது பயணி. ஜோயிட்ரோப்பை நேராக நீட்டி, சுழற்றும் வேலையை ரயிலிடம் விட்டுவிட்டார். ரயில் மெதுவாகப் போனால் படமும் மெதுவாக ஓடும். இதை வீடியோவாகத் திரையில் போட்டால் பாதி செத்துவிடும்.

பிளவுக்குப் பதில் வெளிச்சத்தையே வெட்டுவது இன்னொரு வழி, விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு. அமெரிக்கச் சிற்பி கிரெகரி பார்சாமியன் சுழலும் சட்டத்தில் சிற்பங்களை வரிசையாகப் பொருத்தி, விளக்கை வெட்டி வெட்டி அடிக்கிறார். உருவங்கள் காற்றில் உருமாறும், அதுவும் திரையில் இல்லை, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். (வலிப்பு நோய் உள்ளவர்கள் இப்படிப்பட்ட கண்காட்சிகளைத் தவிர்ப்பது நல்லது.) ஜான் எட்மார்க் செய்யும் சிற்பங்களில் தனித்தனிப் படங்களே இல்லை. சூரியகாந்தி விதைகள் அடுக்கப்படும் 137.5 பாகைக் கோணத்தில் இதழ்களை அமைத்து, ஒவ்வொரு 137.5 பாகைச் சுழற்சிக்கும் ஒருமுறை ஒளி விழும்படி செய்கிறார். அசையாத பொருள் பொங்கிக்கொண்டே இருப்பது போலத் தெரியும்.

தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிஜ் எதிர்த்திசையில் போகிறவர். கரித்துண்டால் வரைவார், கேமராவுக்கு நடந்து போய் ஓரிரு ஃபிரேம் எடுப்பார், திரும்பி வந்து அதே தாளில் கொஞ்சம் அழித்து மறுபடி வரைவார். அழித்த தடம் தாளில் தங்கிவிடும். ஒருவர் கையை உயர்த்தினால் கை முன்பிருந்த இடங்களெல்லாம் சாம்பல் நிழலாகத் தெரியும். மற்ற எல்லாரும் முந்தைய படத்தை ஒளித்துவைக்கப் பாடுபட, இவர் அதைப் பார்வைக்கு வைக்கிறார். அவர் படங்களில் நிறவெறிக் கால ஜோஹன்னஸ்பர்க் வரும்போது இந்தத் தடங்களுக்குத் தனி அர்த்தம் வந்துவிடுகிறது.

செய்து பார்க்க ஆசை வந்தால் பிளவில்லாமலே ஒரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் அனிமேட்டர் ஜிம் லெ ஃபேவர் இதை ஃபோனோட்ரோப் என்கிறார்: பழைய ரெக்கார்டு பிளேயர் சுழற்றும், படத்தை நிறுத்துவது கேமராவின் ஷட்டர். கணக்கு அழகாக அமையும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று, கேமரா விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு சுற்றுக்குச் சரியாக 45 படம். 45 சுற்று வேகத்தில் 24 ஃபிரேம் என்றால் 32 படம். ஃபோனில் ஃபிரேம் எண்ணிக்கையைப் பூட்டிவைக்கும் வசதி வேண்டும், ஷட்டரை 1/1000 விநாடி அளவுக்குக் குறைக்க வேண்டும், அதற்கு நல்ல வெயில் வெளிச்சம் வேண்டும். வெறும் கண்ணால் பார்த்தால் குழம்பிய வளையம்தான் தெரியும், பயப்படாதீர்கள், ஃபோன் திரையில் பாருங்கள். வட்டத்தை வெட்டும்போது நடுத்துளையில் மட்டும் கவனம் வையுங்கள். அது மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் படம் முழுக்க ஒருமுறை ஏறி இறங்கும்.