வயதான அம்மா, கல்லூரி செல்லும் மகன், புதிதாக வாசிக்க விரும்பும் இந்து நண்பர்: மூவருக்கும் ஒரே தமிழ் வேதாகமத்தை வாங்கலாமா?

வாங்க வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையைச் சேர்ந்தவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பழைய திருப்புதலையே, அதாவது பழைய மொழிபெயர்ப்பையே, பெரிய எழுத்தில் வாங்குங்கள். ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த அந்தத் திருப்புதல்தான் நம் ஆராதனையிலும் ஜெபத்திலும் கல்லறைக் கல்லிலும் இருக்கிறது. கண் மங்கினாலும், வசனத்தின் முதல் பாதியைப் பார்த்தவுடன் மறுபாதி அவர்கள் நாவில் தானாக வந்துவிடும். அதை மாற்றிக் கொடுப்பது, அவர்கள் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொள்வதற்குச் சமம்.

நண்பருக்கு அதைக் கொடுக்காதீர்கள். என்னுடன் வேலை பார்த்த ஒருவருக்கு அப்படிக் கொடுத்தேன். யோவான் 3:16ஐ வாசித்துவிட்டு, "கெட்டுப்போகாமல் என்றால் ஒழுக்கம் கெடாமல் என்றா?" என்று கேட்டார். 23ஆம் சங்கீதத்தின் 'நான் தாழ்ச்சியடையேன்' என்பதையும், குறைவுபடேன் என்று கொள்ளாமல், யாருக்கும் தாழ்ந்து போகமாட்டேன் என்றே புரிந்துகொண்டிருந்தார். பிறகு, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். லூக்கா நற்செய்தியை ஒரே வாரத்தில் முடித்துவிட்டு வந்து பேசினார்.

இந்தப் பொது மொழிபெயர்ப்பைப் பற்றி என் மனத்தில் ஒரு காயம் உண்டு. என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மகள் ஒன்பது வயதில் கோடை விடுமுறை முழுவதும் ஆச்சி வீட்டில் இருந்து, 23ஆம் சங்கீதத்தை அவர்களிடமே மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். எங்கள் ஓய்வுநாள் பள்ளியின் வசனப் போட்டியில், கைகளைக் கட்டிக்கொண்டு, "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை" என்று தொடங்கினாள். நடுவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது நம்முடைய வேதம் இல்லை, உட்கார்" என்றார். அவள் உட்காரவில்லை, தவறு எங்கே என்று தெரியாமல், அதே அடியை இன்னும் மெதுவாக மறுபடியும் சொன்னாள். அன்று எழுந்து பேசாமல் இருந்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இப்படி எழுதுவதால் நான் பழைய திருப்புதலை இகழ்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். தினமும் காலையில் நான் வாசிப்பது அதைத்தான். ஆனால் அதுவும் ஒரு காலத்தில் புதிய திருப்புதலாக இருந்தது என்பதை மறக்கக்கூடாது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது. அதன் பின் இன்னொரு ஜெர்மன் மிஷனரியான பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு வந்தது. 1871க்குப் பிறகும் லுத்தரன் சபையார் பலர் பப்ரிசியுஸை விட மனமில்லாமல் வாசித்துவந்தார்கள். பொது மொழிபெயர்ப்பில் நம் சபையார் வேதத்தில் சேர்க்காத தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்கள் இருப்பதால் அதைத் தொடக்கூடாது என்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: அந்த நூல்கள் இல்லாத பதிப்பும் கிடைக்கிறது, கேட்டு வாங்கலாம்.

மகனுக்கு விளக்கக் குறிப்புகளுள்ள ஆய்வு வேதாகமம் வேண்டும் என்கிறீர்கள். முதலில் குறிப்பில்லாத வேதாகமத்தில் ஒரு சுவிசேஷத்தை முழுவதும் வாசிக்கட்டும். குறிப்புகளை எழுதியவர்களுக்கும் ஓர் உபதேசம் உண்டு. வசனத்துக்குக் கீழே அதே பக்கத்தில் அச்சாகியிருப்பதால், இளம் வாசகர் அதையும் வசனமாகவே எடுத்துக்கொள்கிறார். வாங்குவதற்கு முன், சபைகள் கருத்து வேறுபடும் இரண்டு இடங்களைத் திறந்து பாருங்கள். அப்போஸ்தலர் 2இல் அந்நிய பாஷையைப் பற்றியும், வெளிப்படுத்தின விசேஷம் 20இல் ஆயிரம் வருட அரசாட்சியைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்தால், தொகுத்தவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். மற்றவர்களின் கருத்தையும் சொல்லும் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

கடைக்கு அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். இப்போது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். 'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லி, அவர்கள் கண்ணாடியுடன் ஒரு சங்கீதத்தை வாசித்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.