ஒலி, படம், எழுத்து: பல்லூடக ஆவணக் கதைகள் குறித்த கேள்வி பதில்

ஒலிப்பதிவு, புகைப்படம், காணொளி, எழுத்து ஆகியவற்றை உண்மை மனிதர்களைப் பற்றிய ஒரே கதையாக, அதாவது பல்லூடக ஆவணக் கதையாகக் கோக்கும் பணியில் 12 ஆண்டுகளாக இருக்கிறேன். எனக்கு வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 60,000 ரூபாய் இருக்கிறது. ஆவணக் கதைகள் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?

கேமராவை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் கைப்பேசியின் கேமரா முதல் சில கதைகளுக்குப் போதும். அந்தப் பணத்தில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவி, சட்டையில் குத்தும் மைக் ஒன்று, காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று, ஒரு முக்காலி ஆகியவற்றை வாங்குங்கள். மீதிப் பணம் பயணத்துக்கு உதவும். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், ஆனால் பேச்சு புரியவில்லை என்றால் அரை நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். ஆவணக் கதையின் உயிர் பேசுகிறவரின் குரலில் இருக்கிறது. அந்தக் குரல் தெளிவாகக் கிடைத்துவிட்டால், காணொளி ஒன்றுகூட இல்லாமல் 10 புகைப்படங்களை மட்டும் வைத்து நல்ல கதை செய்ய முடியும். 2009இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் நகரவாசிகளைப் பற்றி வெளியிட்ட தொடர் முழுவதும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாலும் அவரவர் குரலாலும் ஆனது.

கேள்வி: வீட்டுக்குள் எடுத்த நேர்காணலில் இரைச்சலாக இருக்கிறது. மென்பொருளால் நீக்கிவிடலாமா?

ஓரளவுக்கு நீக்கலாம், ஆனால் இரைச்சலோடு குரலின் ஈரமும் போய்விடும். தொடக்க காலத்தில் நெசவாளர் ஒருவரோடு 2 மணி நேரம் பேசிப் பதிந்ததை, தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியின் ஓசையால் பயன்படுத்த முடியாமல் இழந்தேன். அவரிடம் மறுபடி போய்க் கேட்டபோது அதே நிகழ்ச்சிகளைச் சொன்னாரே தவிர, முதல் முறை சொன்னதைப் போல அவை வரவில்லை. அதற்குப் பிறகு நான் விடாமல் பின்பற்றும் முறை இது. அறைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடி ஒரு நிமிடம் கேட்பேன். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் வீட்டாரின் அனுமதியோடு நிறுத்துவேன். வெறும் சுவர்கள் எதிரொலித்தால் பாயையோ போர்வையையோ விரிப்பேன். மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கும். ஒலி அளவின் உச்சம் பதிவுக் கருவியின் அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்குமாறு வைப்பேன். அப்படி வைத்தால் பேசுகிறவர் திடீரென்று உரக்கச் சிரித்தாலும் ஒலி உடையாது. பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் அமைதியைத் தனியாகப் பதிய வேண்டும். தொகுக்கும்போது வாக்கியங்களுக்கு இடையே விழும் வெட்டுகளை மூட அந்த அமைதியை விட்டால் வேறு வழியில்லை.

கேள்வி: குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் கோடுகள் ஓடுகின்றன. தனியாகப் பதிந்த ஒலியும் போகப் போக உதட்டசைவோடு பொருந்தவில்லை. ஏன்?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்), ஷட்டர், அதாவது ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளி விழும் நேரம், 1/50 நொடி என்று வைத்தால் கோடுகள் மறையும். பொருந்தாமைக்குக் காரணம், பல கைப்பேசிகள் சட்டக வேகத்தைச் சீராக வைத்துக்கொள்வதில்லை என்பதாகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றிய பிறகே தொகுக்கத் தொடங்குங்கள். பதிவின் தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கைதட்டிவிட்டால் ஒலியையும் படத்தையும் இணைப்பது எளிது.

கேள்வி: தொகுப்புக்கு இலவச மென்பொருள் உண்டா?

ஒலிக்கு ஆடாசிட்டி, காணொளிக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. இரண்டாவதற்குச் சற்று வலுவான கணினி வேண்டும்.

கேள்வி: தமிழில் துணையெழுத்து (சப்டைட்டில்) போட்டால் 'கொ' என்பது மூன்று துண்டுகளாகச் சிதறுகிறது. பேச்சு வழக்கை எழுத்துத் தமிழாக மாற்ற வேண்டுமா?

முதலில் உங்கள் எழுத்து, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது என்றால் மாற்றிக்கொண்டு, எஸ்ஆர்டி எனப்படும் துணையெழுத்துக் கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் சேமியுங்கள். அதற்குப் பிறகும் சிதறினால், மென்பொருளின் எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு திரையில் தெளிவாக நிற்கும்.

இரண்டாவது கேள்வி எனக்கு முக்கியமானது. சிவகங்கைப் பக்கத்துப் பெண்மணி "அவுக வந்தாக" என்று சொல்லும்போது கீழே "அவர்கள் வந்தார்கள்" என்று போடுவது, அவர் பேசியதை நாம் திருத்துவதாகும். சொன்னபடியே எழுதுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு அறவே விளங்காத சொல் வந்தால் மட்டும், அது கதையில் முதல்முறை வரும் இடத்தில் பொருளைக் காட்டினால் போதும்.

கேள்வி: கீழே நகர்த்த நகர்த்தப் படங்கள் மாறும் இணையக் கதை செய்ய ஆசை. தொடங்கலாமா?

அந்த வடிவம் பரவலானது 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட 'ஸ்னோ ஃபால்' கதையால். வாஷிங்டன் மாநில மலையொன்றில் அந்த ஆண்டு பிப்ரவரியில் மூவரின் உயிரைக் குடித்த பனிச்சரிவைப் பற்றியது. 2013இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதில் மலையின் வரைபடம் நகர்வதற்குக் காரணம் இருந்தது: எவர் எந்தச் சரிவில் நின்றார், பனி எவ்வழியே இறங்கியது என்பதை வாசகர் கண்ணால் கண்டாக வேண்டும். அப்படியொரு காரணம் உங்கள் கதையில் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால், குறைந்த இணைய வேகத்தில் கைப்பேசியில் படிக்கும் வாசகருக்கு அது தடையாகவே முடியும். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி என்ற ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தைப் பாருங்கள். அங்கே எளிய பக்கங்களில் எழுத்தும் படமும் காணொளியும் தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கின்றன. காலவரிசைக்கும் வரைபடத்துக்கும் நிரல் எழுதத் தெரியாதவர்கள், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் உருவாக்கிய டைம்லைன் ஜேஎஸ், ஸ்டோரிமேப் ஜேஎஸ் ஆகிய இலவசக் கருவிகளைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: பேசுகிறவரிடம் கையெழுத்து வாங்கினால் போதுமா?

போதாது. கதை எங்கே வரும், யாரெல்லாம் பார்க்கலாம், பின்னால் முழுதாக அழிக்க முடியாமல் போகலாம் என்பதை அவர் மொழியில் விளக்கி, அவர் சம்மதிப்பதை ஒலியாகவும் பதியுங்கள். வெளியிடும் முன் முழுக் கதையையும் அவருக்குக் காட்டுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தொடர்பான கதை என்றால், குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை விதிக்கிறது. பெற்றோர் சம்மதித்தாலும் நான் வெளியிடுவதில்லை.

கேள்வி: நாம் செய்தவை 20 ஆண்டுகளுக்குப் பின்னும் இருக்க என்ன செய்வது?

2000களில் இணைய ஆவணக் கதைகளில் பல, அசையும் பக்கங்களைச் செய்ய உதவிய ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டன. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியதும், ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த பல கதைகள் உலாவிகளில் திறக்கவில்லை. ஒலியையும் படங்களையும் எழுத்தையும் தனித்தனியாக வைத்திருந்தவர்களால் மீண்டும் கட்டமைக்க முடிந்தது. ஆகவே வெளியீட்டுத் தளம் எதுவானாலும், ஒலியைச் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பாகவும், படங்களை முழு அளவிலும், பேச்சின் எழுத்து வடிவத்தைச் சாதாரண உரைக் கோப்பாகவும் பாதுகாத்து வையுங்கள். மொத்தம் மூன்று நகல்கள், இருவகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஹார்ட் டிஸ்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் இடம், நாள், பதிந்தவர், பெற்ற அனுமதி ஆகிய விவரங்கள் கொண்ட குறிப்பொன்று இருக்கட்டும். அதன் முதல் வரியில், பேசியவரின் பெயரை அவர் எழுதும் எழுத்துக்கூட்டிலேயே எழுதி வையுங்கள்.