லாரி டயரைக் கம்பியால் தட்டுவது ஏன்?

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஓரங்கட்டும் லாரிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். காற்று இருக்கிறதா என்ற சோதனைதான் அது. பின்பக்கம் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். உள் டயர் இறங்கிவிட்டாலும் வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. தட்டினால் காது சொல்லிவிடும். காற்று இருந்தால் ‘டங்’கென்று கம்பி துள்ளும், இறங்கியிருந்தால் ‘தொப்’. தெரியாமல் ஓட்டினால் அந்தப் பாரமும் வெளி டயர் மேல்தான். வேலூர் வெயில் சொல்லவா வேண்டும், சூடேறி வெடித்துவிடும். (எத்தனை பவுண்டு காற்று என்று தெரிய கேஜ்தான் வேண்டும்.) அப்படியே குனிந்து ஜோடிக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் பார்ப்போம். ஒருமுறை ஆம்பூரில் தோல் லோடோடு நின்றபோது முழு ஜல்லி ஒன்று மாட்டியிருந்தது. நெம்பி எடுப்பதற்குள் வாங்கி வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.